எடை குறைந்த வயர் கேமிங் மவுஸ் வாங்கும்போது விவரக்குறிப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

2020-இல் வெளிவந்த ரேசர் வைப்பர் மினியைத்தான் நான் பயன்படுத்தி வருகிறேன் என்பதால், அதை வைத்தே இக்கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

கேபிளைச் சேர்க்காமல் இதன் எடை 61 கிராம். ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடை. பேட்டரி இல்லாததால் வயர் மவுஸில் எடையைக் குறைப்பது எளிது. க்ளோரியஸ் மாடல் ஓ (67 கிராம்), ஹைப்பர்எக்ஸ் பல்ஸ்ஃபயர் ஹேஸ்ட் (59 கிராம்) போன்றவை மேலோட்டில் தேன்கூடு போலத் துளையிட்டு எடையைக் குறைத்தவை. வைப்பர் மினியின் மேற்புறத்தில் துளைகள் இல்லை. தூசியும் வியர்வையும் மிகுந்த நம் ஊர் அறைகளுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் டிபிஐ (மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் சுட்டி எத்தனை பிக்சல் நகரும் என்ற அளவு) எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். வைப்பர் மினியின் உச்ச அளவு 8500. அந்த அளவில் வைத்தால், மவுஸை 6 மில்லிமீட்டர் கூட நகர்த்தும் முன்பே சுட்டி 1920 பிக்சல் அகலத் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும். நான் எப்போதும் 800-இல்தான் வைத்திருக்கிறேன். அதைவிட முக்கியமானது, சென்சார் தடுமாறாமல் பின்தொடரக்கூடிய வேகம். இதில் அது 300 ஐபிஎஸ் (விநாடிக்கு 300 அங்குலம்), அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 7.6 மீட்டர், கையை எவ்வளவு வேகமாக வீசினாலும் இது போதும். கணினிக்குத் தகவல் அனுப்பும் விகிதம் 1000 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறை.

நான் மிகவும் மதிப்பது இதன் சுவிட்சைத்தான். முன்பு வைத்திருந்த வேறொரு மவுஸில், ஒன்றரை ஆண்டிலேயே ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக் பதிவாகத் தொடங்கியது; கோப்புறையைத் தேர்ந்தெடுக்க அழுத்தினால் அது திறந்துகொள்ளும், ஒரு கோப்பை இழுத்துச் செல்லும்போது பாதி வழியிலேயே நழுவிவிடும். சாதாரண சுவிட்சில் உலோகத் தகடுகள் தொடும்போது நுண்ணிய அதிர்வு ஏற்படும்; அதைத் தனிக் கிளிக்காக எண்ணிவிடாமல் இருக்க மவுஸ் சில மில்லிவிநாடிகள் காத்திருக்கும், ஆனால் தகடு தேயத் தேய அதிர்வு அந்த நேரத்தையும் தாண்டிவிடும். வைப்பர் மினியில் உள்ள ஆப்டிகல் சுவிட்சிலோ கிளிக்கை அகச்சிவப்பு ஒளிக்கற்றையே உணர்வதால், இந்தக் கோளாறுக்கு இடமில்லை, காத்திருப்பும் தேவையில்லை. 5 கோடி கிளிக் தாங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது.

அடுத்தது கேபிள். விறைப்பான ரப்பர் கேபிள் மேசை விளிம்பில் உரசி, குறிபார்க்கும் நேரத்தில் கையைப் பின்னுக்கு இழுக்கும். மவுஸ் எவ்வளவு இலேசாக இருந்தாலும் அந்த ஒரு இழுப்பில் பயன் கெட்டுவிடும். இதில் இருப்பது துணிப்பின்னல் போட்ட, எளிதில் வளையும் 1.8 மீட்டர் கேபிள். அதை மானிட்டர் காலருகே டேப் போட்டு ஒட்டி, மவுஸ் பக்கம் ஒரு முழம் தளர்வாக விட்டிருக்கிறேன். கேபிள் இருப்பதே பெரும்பாலும் தெரிவதில்லை.

வாங்கும் முன் ஓர் அளவுகோலை எடுத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். வைப்பர் மினியின் நீளம் 118 மில்லிமீட்டர், உயரம் 38 மில்லிமீட்டர். என் கை 17 சென்டிமீட்டர். விரல்களை மடக்கிப் பிடிக்கும்போது கச்சிதமாக இருக்கிறது. 20 சென்டிமீட்டரை நெருங்கும் கையுடன், உள்ளங்கை முழுவதையும் மவுஸின் மீது வைத்துப் பிடிப்பவராக நீங்கள் இருந்தால், இதைவிடப் பெரிய மவுஸைத் தேடுங்கள்.