ஓலை ஆவணம் படிப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் ஓலைக்கட்டு ஒன்று இருக்கிறது. நிலம் விற்ற ஓலைகள் என்கிறார்கள். சோழர் காலத்ததாக இருக்குமா? எழுத்து தெரியவில்லை, எண்ணெய் பூசலாமா?

பதில்: அவ்வளவு பழமையை எதிர்பார்க்க வேண்டாம். நம் வெப்பமும் ஈரமும் பூச்சியும் சேர்ந்து ஓலையை 300, 400 ஆண்டுக்கு மேல் விட்டுவைப்பது அரிது. சோழர் கால நில விற்பனைகளைக் கல்லிலும் செப்பேட்டிலும்தான் படிக்கிறோம். அதற்காக உங்கள் கட்டு மதிப்பற்றதாகிவிடாது.

எண்ணெய் கடைசி வழி. முதலில் ஓலைகளை இருக்கிற வரிசையிலேயே படமெடுங்கள். மென்மையான உலர்ந்த தூரிகையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, நரம்பு ஓடும் திசையில் தூசி தட்டுங்கள். ஒட்டிய ஓலைகளைக் கத்தியால் பிரித்தால் மேல்தோல் எழுத்தோடு உரிந்து வந்துவிடும். சுவடிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். எழுத்தாணிக் கீறலாக இருந்தால், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தாலே பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெரியும். அப்படியும் தெரியாதபோதுதான் விளக்குக்கரியை எலுமிச்சைப்புல் எண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தடவித் துடைப்பது. மையால் எழுதிய ஓலையில் இதைச் செய்தால் எழுத்தே போய்விடும். கீறலா மையா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

கேள்வி: எழுத்துகள் அடையாளம் தெரிகின்றன, ஆனால் சொல் பிடிபடவில்லையே?

பதில்: புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்கள். நெடில் குறிக்கும் காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. ‘எரிககுக கிழககு’ என்று இருந்தால் அது ‘ஏரிக்குக் கிழக்கு’. நில ஓலையில் நான்கெல்லை வருமிடம் என்று தெரிந்தால் நெருப்பென்று மயங்க மாட்டீர்கள். ஆகவே முதல் எழுத்திலிருந்து போராடாமல் ஓலையின் அமைப்பைப் பிடியுங்கள்: காலம், விற்பவர், வாங்குபவர், எல்லை, விலை, சாட்சிகள், எழுதியவர். இந்த ஒழுங்கு பெரும்பாலும் மாறாது. தெரிந்த ஊர்ப்பெயரில் அந்தக் கையின் எழுத்து வடிவங்களைக் கற்றுக்கொண்டு, மங்கிய இடத்துக்குப் போங்கள்.

எண்களில்தான் பலர் இடறுகிறார்கள். ‘அ’ போன்றது 8, ‘உ’ போன்றது 2, ‘ய’ போன்றது 10. ௮௰ என்றால் 80; ௰௨ என்றால் 12. தலைப்பில் தனியே நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி, எண்ணல்ல.

பெயர்த்தெழுதும்போது இருக்கிறபடியே ஒரு படி, புள்ளியிட்டுப் பிரித்தது ஒரு படி என இரண்டு வைத்திருங்கள். ‘பிழை’ என்று நீங்கள் திருத்துவது அந்த வட்டாரப் பேச்சாக இருக்கலாம். அதை இழப்பது பெரிய இழப்பு.

கேள்வி: ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு?

பதில்: 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெயர். 1807, 1867, 1927 எதுவாகவும் இருக்கலாம். சகம் (சக ஆண்டு எண்) இருந்தால் 78 கூட்டுங்கள், கி.பி. ஆண்டு வரும். சகம் 1700 என்பது 1778–79, அது விளம்பி வருஷம். பெயரும் எண்ணும் இப்படி ஒத்துப்போக வேண்டும். கேரளத்திலும் தென்கோடித் தமிழகத்திலும் வழங்கிய கொல்லம் ஆண்டானால், ஆண்டு தொடங்கும் ஆவணி முதல் டிசம்பர் வரை 824, அதன்பின் 825 கூட்டுக. எண்ணே இல்லையென்றால் தேதி, கிழமை, நட்சத்திரம் மூன்றையும் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணையில் ஒப்பிடுங்கள். கிழமை மட்டும் பொருந்துவது போதாது.