வீட்டுக்கு அடியில் கார் நிறுத்துமிடம்

கேள்வி: சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டனில் எங்கள் தரைவீட்டைத் திருத்திக் கட்டும்போது, கார் நிறுத்த நிலத்தடித் தளம் அமைக்கலாமா? மழைநீர் புகும் என்று மனைவி அஞ்சுகிறார்.

பதில்: அமைக்கலாம், ஆனால் அவருடைய அச்சம் நியாயமானதே. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்யும் ஊரில், சாலையிலிருந்து நேரே கீழிறங்கும் சரிவுப்பாதை வாய்க்காலாகிவிடும் என்பதால், அது இறங்கத் தொடங்கும் இடத்தை, நீர், வடிகால் பணிகளைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் வகுத்துள்ள உயரத்துக்கு மேடாக்கவேண்டும். பலர் மறப்பது நிலத்தடி நீரை: நீர்மட்டம் அடித்தளத்துக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 1 டன் விசை மேல்நோக்கித் தள்ளும், அதைத் தாங்கும் எடையும் நீர்த்தடுப்பும் முதல் வரைபடத்திலேயே இடம்பெறவேண்டும், பின்னர் பூசும் ரசாயனத்தை நான் நம்பமாட்டேன். கார்ப் புகை வெளியேறக் காற்றோட்டமும், மின்சாரம் தடைபட்டாலும் இயங்கும் பம்பும் தேவை. தகுதிபெற்ற பொறியாளரின் வடிவமைப்புக்குக் கட்டட, கட்டுமான ஆணையம் அனுமதி அளிக்கும்வரை மண்ணைத் தோண்டாதீர்கள்.