ஜிம்னாஸ்டிக்ஸில் கைப்பிடி வைத்த குதிரைக் கருவியான பொம்மல் ஹார்ஸில் பதக்க வீரர்கள்கூட ஏன் விழுகிறார்கள்?

இன்னொரு ஜிம்னாஸ்டிக்ஸ் கருவியான தொங்கும் வளையங்களில் அசையாமல் நின்றால் மதிப்பெண் உண்டு. இங்கே தேங்கினாலே கழித்துவிடுவார்கள். ஆட்டம் ஆரம்பித்தால் இறங்கும்வரை சுழன்றுகொண்டே இருக்க வேண்டும்.

வட்டச் சுழற்சியைக் கவனியுங்கள். கால்கள் ஒரு பக்கம் போகும்போது தோள்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தால்தான் சமநிலை நிற்கும். கால்களுக்கு வழிவிட ஒரு கையை எடுத்ததும் மொத்த எடையும் மற்றக் கைக்குப் போய்விடும். எடுத்த கை திரும்பி ஊன்றக் கொஞ்சம் பிந்தினாலும் தோள் பின்தங்கும், இடுப்பு தொங்கும், கால் கைப்பிடியில் தட்டும். தவறு நடப்பது கையில், தெரிவது காலில்! பெரும்பாலும் விழுவதற்கு ஒன்றிரண்டு சுற்று முன்பே அது தொடங்கியிருக்கும். குதிரையின் மேற்பரப்பு 35 சென்டிமீட்டர் அகலம்தான். கையைத் தள்ளி வைத்துச் சமாளிக்க இடமில்லை.

விழுந்தால் முழுசாக 1.0 புள்ளி போகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் தங்கம் வென்ற அயர்லாந்தின் ரைஸ் மெக்லெனகன் பெற்றது 15.533, வெண்கலம் 15.300. வித்தியாசம் கால் புள்ளிகூட இல்லை.