டிசம்பர் விடுமுறையில் பள்ளிக்கூடத்தை முழுமையாகச் சுத்தம் செய்வது வீண் செலவா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் இருக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் டீப் கிளீனிங் செய்துதர ஒரு நிறுவனம் விலை சொல்லியிருக்கிறது. கட்டடம் முழுக்கக் கிருமிநாசினிப் புகை அடிப்பதும் அதில் சேர்த்தி. தினமும் பெருக்கித் துடைக்கிறோமே, இதற்கு ஏன் பணம் என்கிறார்கள் குழுவில் சிலர். ஆனால் மழை பெய்தால் வகுப்புகளில் பூஞ்சை நாற்றம் அடிக்கிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அந்த விலைப்பட்டியலை அப்படியே ஏற்காதீர்கள். முதலில் புகை அடிக்கும் வேலையை நீக்கச் சொல்லுங்கள். அழுக்குப் படிந்த இடத்தில் மருந்தைத் தெளித்தால் அது அழுக்கோடு நின்றுவிடும், அடியில் இருக்கும் கிருமியை எட்டாது. கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 மே மாதத்திலேயே, கட்டடங்களுக்குள் வாடிக்கையாக மருந்து தெளிப்பதும் புகை அடிப்பதும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. கண்ணும் மூச்சுக்குழாயும் எரிவதுதான் மிச்சம். அந்தப் பணத்துக்கு உங்கள் பள்ளியில் வேறு வேலை இருக்கிறது.

தினசரிப் பெருக்கல் தரையோடு நின்றுவிடுகிறது. காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசியில் பாதி எழும்பி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். மின்விசிறி இறக்கை, டியூப்லைட், அலமாரி உச்சி, ஜன்னல் கம்பி, திரைச்சீலை, சின்ன வகுப்புகளில் விரித்திருக்கும் கம்பளம் என்று ஆண்டு முழுக்கச் சேர்கிறது. ஜனவரி வெயிலில் முதல் நாள் மின்விசிறியைப் போட்டதும் அத்தனையும் பிள்ளைகள் தலைமேல் இறங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அதுவே போதும். ஆகவே வேலை உச்சியில் தொடங்கித் தரையில் முடியவேண்டும். காய்ந்த துணியால் தட்டக்கூடாது, ஈரத் துணியால் துடைக்கவேண்டும். கம்பளம் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. நம் கடற்கரைப் புழுக்கத்தில் தூசி உண்ணிகளுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. போகிக்குப் பழையதைக் கழிப்பதுபோல் அதையும் கழித்துவிடுங்கள்.

பூஞ்சை நாற்றம்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நாற்றம் இருந்தால் எங்கோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். நனைந்த சுவரோ பலகையோ ஓரிரு நாளில் உலராவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஒழுகலை அடைக்காமல் சுவரை எவ்வளவு தேய்த்தாலும் அடுத்த மழையில் திரும்பி வரும். மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்து மறைப்பதும் பயன் தராது. கூரை ஒழுகல், கூரையோரம் அடைத்துப்போன மழைநீர்த் தகரக் கால்வாய், உடைந்த ஜன்னல் ஆகியவற்றைச் சரிசெய்வதையும் இந்தத் துப்புரவுச் செலவிலேயே சேருங்கள். டைல், பெயின்ட் அடித்த சுவர் போன்ற வழவழப்பான பரப்பைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி உலர்த்தினால் போதும். நனைந்து ஊறிய சீலிங் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் அதில் கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. சாட்ஸ்வொர்த்தின் பள்ளிகள் பல 1960, 70களில் எழுந்தவை. ஆஸ்பெஸ்டாஸ் தென்னாப்பிரிக்காவிலேயே தோண்டி எடுக்கப்பட்டு எங்கும் தாராளமாகப் பயன்பட்ட காலம் அது. 2008இல்தான் அதற்குத் தடை வந்தது. கூரைத் தகடோ சீலிங் பலகையோ அந்தக் காலத்தது என்றால் அதைச் சுரண்டவோ, துளையிடவோ, அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவோ யாரையும் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போகும் நார் அதிலிருந்து கிளம்பும். அதன் கேடு பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்ததாரர் மட்டுமே அதைக் கழற்றலாம். விலை சொன்ன நிறுவனத்திடம் கூரையைப் பற்றி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். 'பிரஷரில் கழுவித் தருவோம்' என்று உடனே பதில் வந்தால் அவர்களை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கிருமிநாசினி தேவைப்படும் இடங்கள் சில உண்டு: கழிவறை, குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, சமையலறை மேடை. கடையில் கிடைக்கும் ஜிக் என்ற ப்ளீச் திரவம் 3.5 சதவீதம் என்றால் 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 300 மில்லி போதும். முதலில் சோப்பால் கழுவி, பிறகு இதைத் தடவிப் பத்து நிமிடம் ஈரமாகவே விடவேண்டும். ஊற்றியதும் துடைத்துவிட்டால் பலனில்லை. அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். கழிவறைக்குப் போடும் ஆசிட்டோடு ஜிக்கைச் சேர்த்தால் நச்சு வாயு எழும்பும். இதைத் துப்புரவுப் பணியாளர்களிடம் நேரில் சொல்லுங்கள், கையுறையும் வாங்கிக் கொடுங்கள். கழிவறைத் துணியும் வகுப்புத் துணியும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும்.

உண்மையில் இதில் பெரும்பகுதியை உங்கள் பள்ளிப் பணியாளர்களே செய்வார்கள், நேரமும் ஏணியும் கூடுதல் ஊதியமும் கொடுத்தால். தண்ணீர்த் தொட்டி, உயரமான ஜன்னல் போன்ற வேலைக்கு மட்டும் வெளியாளைக் கூப்பிடுங்கள்.

எப்போது செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். டிசம்பர் நடுவில் எல்லாவற்றையும் கழுவி முடித்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போனால், டர்பனின் மழைப் புழுக்கத்தில் மூடிய அறைக்குள் பூஞ்சை மறுபடி வளர்ந்திருக்கும். ஒழுகல் அடைப்பது, திரைச்சீலை துவைப்பது, வேண்டாததைக் கழிப்பது போன்ற வேலைகளை விடுமுறை தொடக்கத்தில் முடியுங்கள். தூசி துடைப்பதையும் கழிவறைகளையும் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்துக்கு வையுங்கள். அந்த வாரம் ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்த தண்ணீர் பிள்ளைகள் வாயில் போகாதபடி, எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்துவிட்டு ஓடவிடுங்கள்.