காகிதத்தில் இல்லாத அம்மா

மதிப்பிற்குரிய ஐயா,

நானும் என் இணையரும் மண்டபம் அருகே ஒரு கடலோர ஊரில் வாழ்கிறோம், இருவரும் பெண்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் தனிநபராக விண்ணப்பித்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தாள். ஊரில் என்னை அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஜூனில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். தந்தை இல்லாத பிள்ளை என்று கேலி செய்வார்களோ, சென்னைக்குக் குடிபெயர்ந்துவிடலாமா என்று தினமும் பேசிக்கொள்கிறோம். அவளுக்குப் படித்துக்காட்டத் தமிழில் ஏதேனும் கதைகள் உண்டா?

(பெயர் வெளியிடப்படவில்லை)

அன்புள்ள சகோதரிக்கு,

சில மாதங்களாகவே இதே பொருளில் எண்ணிக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். கதைகளைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். சென்னையா இராமநாதபுரமா என்பதை உங்கள் பிழைப்பு தீர்மானிக்கட்டும். தந்தை இல்லை என்ற அச்சத்தை விடுங்கள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத வீடுகளும், இலங்கைச் சிறையில் அவன் மாதக்கணக்கில் கிடக்கும் வீடுகளும் நிறைந்த கரை இது. அம்மாவும் பாட்டியும் பெரியம்மாவும் சேர்ந்து வளர்க்கும் பிள்ளைகள் உங்கள் மகளின் வகுப்பிலேயே இருப்பார்கள்.

என்னைக் கலங்கச் செய்தது வேறு. உங்கள் கடிதத்தில் எங்கும் ஓர் ஆவணம் பற்றிய பேச்சே இல்லை.

என் இளமையில் பாம்பன் பக்கத்துக் கிராமமொன்றில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இருவர் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத்தைக் கட்டிக்கொண்டு, ஒரே வள்ளத்தில் தீவுப்பக்கம் போய் மூழ்கிப் பாசி எடுத்து, இளையவளின் மகனை இருவருமாக வளர்த்தனர். ஊர் எதுவும் கேட்கவில்லை. இளையவள் காய்ச்சலில் இறந்தாள். காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய அண்ணன் வந்து பையனை அழைத்துச் சென்றார். அவர் கெட்டவர் அல்லர். சட்டத்தின் கண்ணில் அவர்தான் உறவு. மூத்தவள் ஊர்த்தலைவரிடம் போய் அழுதாள். “நீ அவனுக்கு என்ன வேணும்?” என்று அவர் கேட்டார். அவளைத் தாய் என்று சொல்ல ஊரில் ஒருவரும் முன்வரவில்லை.

நீங்களும் இன்று அதே நிலையில்தான் இருக்கிறீர்கள். இணையராகத் தத்தெடுக்க ஈராண்டு நிலையான மணவாழ்வு வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்ததோடு, மூவருக்கு இருவர் என்ற கணக்கில் இவ்விதியையும் நிலைக்க விட்டது. ஒருவரை நம்பிக் குழந்தையைக் கொடுக்கும் சட்டம், அவரோடு சேர்ந்து இரவெல்லாம் விழித்திருக்கும் இன்னொருவரை அந்நியர் என்று சொல்வது கொடுமை. அக்கொடுமையின் சுமை குழந்தையின் மேல்தான் விழுகிறது: நீங்கள் உயில் எழுதாமல் போனால் உங்கள் சொத்தில் அவளுக்கு உரிமை இல்லை, உங்கள் இணையருக்கு ஏதேனும் நேர்ந்தால் அவளைத் தூக்கிச் செல்ல வருபவரைத் தடுக்க உங்களிடம் ஒன்றுமில்லை.

இருக்கிற வழிகளையும் நாடாமல் நான்கு ஆண்டுகளை எப்படிக் கழித்தீர்கள்? இதற்கு உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. தமக்குப் பின் மகளின் பாதுகாவலராக உங்களையே விரும்புவதாக உங்கள் இணையர் உயில் எழுதிப் பதிவுசெய்யட்டும். அதற்கு முத்திரைத்தாளும் தேவையில்லை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி, பாதுகாவலராக நியமிக்கக் கோரும் மனுவை விசாரிக்கும் நீதிமன்றம், இறந்த பெற்றோரின் விருப்பத்தையும் கருத வேண்டும். உங்கள் உயிலில் மகளின் பெயர் இருக்கட்டும். கூட்டு வங்கிக் கணக்குக்குத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதியமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. உங்களைப் போன்ற பால்புதுமைய (queer) இணையரை ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கொள்ளும்படி மத்திய உணவுத் துறையும் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறிய தீர்ப்பின் நகலையும் வழக்கறிஞரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றுவிட்ட அக்கா என்று ஊருக்குச் சொன்னதில் நான் குறை காணவில்லை. அதன் விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். ஆனால் மகளிடம் அதைச் சொல்லாதீர்கள். வீட்டுக்குள்ளாவது அவளுக்கு இரண்டு அம்மாக்கள் இருக்கட்டும்.

பள்ளியில், மகளை அழைத்துச் செல்லவும் அவசரத்துக்கு அழைக்கவும் உரியவர் நீங்கள் என்று உங்கள் இணையர் கையெழுத்திட்ட கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். ஜூன் பிறப்பதற்குள் இரண்டு உயில்களும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.