ஜோடியாக ஷியான் சுற்ற: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஆறு வருடமாகச் சீனாவின் இந்த ஷியான் நகரில் வேலை. மனைவியும் நானும் சுற்றித் தின்று பழகியதை வைத்துப் பதில் சொல்கிறேன். விசா, விமான டிக்கெட் பற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி: நான்கு நாள் இருக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது?
கோட்டை மதிலில். 1370களில் மிங் காலத்தில் கட்டியது, சுற்றளவு ஏறக்குறைய 14 கி.மீ. தெற்கு வாசலில் ஏறி, இருவர் மிதிக்கும் சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். கல்பாவிய தரை, முதுகு குலுங்கும். முன்னால் இருப்பவர் மிதிப்பார், பின்னால் இருப்பவர் மிதிப்பதாகச் சொல்வார். சாயங்காலம் ஏறினால் விளக்குகள் எரிவதையும் பார்க்கலாம். எங்கே போனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ரொக்கப் பணம் எவ்வளவு கொண்டுவரலாம்?
கொஞ்சம் போதும். இங்கே பணம் கட்டுவதெல்லாம் போன் செயலியில்தான்: அலிபே அல்லது வீசாட்டில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: கட்டாயம் சாப்பிட வேண்டியது ஒன்றே ஒன்று?
யாங்ரோ பாவ்மோ. கடையில் உட்கார்ந்ததும் காலிக் கிண்ணமும் கெட்டியான தட்டை ரொட்டியும் தருவார்கள். கீரை கிள்ளுவதுபோல உட்கார்ந்து கிள்ள வேண்டும். பிறகு எண் வில்லையோடு கிண்ணம் சமையலறைக்குப் போய், ஆட்டுக்கறி, கண்ணாடி சேமியா, கொதிக்கும் சாறோடு திரும்பி வரும். தொட்டுக்கொள்ள இனிப்பு ஊறுகாய்ப் பூண்டு. முதல் தடவை என் மனைவி சோயாபீன்ஸ் அளவில் கிள்ளினாள், நான் தாயக்கட்டை அளவில். அவள் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்த பரிசாரகர் என்னுடையதை அப்படியே திருப்பி வைத்துவிட்டார், இன்னும் கிள்ளு என்று.

கேள்வி: பசியோடு போய் அரை மணி நேரம் ரொட்டி கிள்ளணுமா? இயந்திரத்தில் வெட்டியது கிடைக்கிறதே!
கிடைக்கிறது. வெட்டிய துண்டின் முகம் வழவழப்பு, சாறு வழுக்கிப் போகும். கிள்ளியது சொரசொரப்பு, உறிஞ்சும். பெரிய துண்டு என்றால் நடுவில் மாவாகவே நிற்கும்.

கேள்வி: கொத்துப் பரோட்டாவை மாஸ்டர்தானே கொத்துகிறார், நாமா கொத்துகிறோம்?
அது கல்லில் சால்னாவோடு சேர்த்துக் கொத்துவது, அடுப்பு வேலை. இது மேசை வேலை. கிள்ளுகிற நேரம்தான் பேசுகிற நேரம். இங்கே வயதான தம்பதிகள் ஒரு கிண்ணத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிப்பார்கள்.

கேள்வி: மேலே கொத்துப் பரோட்டா கேட்டவர் சொல்வதே சரி. மனைவியோடு போனால் கிள்ளும்போதே சண்டை வரும்.
வந்தால் பூண்டு சாப்பிடுங்கள்.

கேள்வி: கடைகளில் ரொக்கம் வாங்குவார்களா?
வாங்குவார்கள், சில்லறைக்கு முழிப்பார்கள். இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம்.
லியாங்பி: குளிர்ந்த நூடுல்ஸ், வெள்ளரி, வினிகர், மிளகாய் எண்ணெய். சாறு உள்ள எதையும் நம்பாதீர்கள். 'கறி வேண்டாம்' என்றால் துண்டுகளை மட்டும் எடுத்துவிடுவார்கள், சாறு ஆட்டெலும்புச் சாறுதான்.

கேள்வி: சுடுமண் வீரர்கள்?
சீனாவின் முதல் பேரரசரின் கல்லறைக்குக் காவலாகக் குழிகளில் புதைத்த களிமண் படைச் சிலைகள். நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. கிழக்கே. 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டது. சின்னக் குழிகளைப் பார்த்துவிட்டு முதல் குழிக்குக் கடைசியாகப் போங்கள். அதை முதலில் பார்த்தால் மற்றவை சப்பென்று இருக்கும். அக்டோபர் முதல் வாரம் விடுமுறை. அப்போது போனால் வீரர்கள் தெரியமாட்டார்கள், முதுகுகள்தான் தெரியும். பாஸ்போர்ட்!

கேள்வி: ஷாங்காயில் நல்ல ஹோட்டல்?
ஷாங்காய்க்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: பெரிய காட்டு வாத்துப் பகோடா பார்க்கத்தக்கதா?
நம்மவர்களுக்குக் கட்டாயம். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சுவடிகளை வைக்க 652இல் எழுப்பியது. பல்லவர் காலத்தில் காஞ்சிபுரம் வரை வந்துபோன மனிதர் அவர். காஞ்சியில் பிறந்த என் மனைவி அந்த முற்றத்தில் நின்று, "எங்க ஊருக்கு வந்தவர்" என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடமே மூன்று தடவை சொன்னாள்.

கேள்வி: சார், பணம் எப்படிக் கட்டுவது?
இன்றைக்கு இத்தோடு போதும். ரொட்டி கிள்ளப் போகிறேன்.