வாசகர் கேள்வி பதில்: பத்மினிக்குள் ஈக்கோ எஞ்சின் உட்காருமா?

கேள்வி: என்னிடம் 1985 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கிறது. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போர் வேலையை எஞ்சின் இனித் தாங்காது என்கிறார்கள். மாருதி ஈக்கோவின் 1200 சிசி எஞ்சினை வைத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். நெல்லியாம்பதி மலையேற்றத்துக்குச் சரிவருமா? என்னென்ன சாமான் வாங்கவேண்டும்?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: உட்காரும். உங்கள் மெக்கானிக் விவரமானவர். பத்மினியில் எஞ்சின் நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் எஞ்சின்கள் குறுக்குவாக்கில் இருந்து முன்சக்கரத்தைச் சுற்றுபவை. அவற்றின் கியர்பாக்ஸ் உங்களுக்கு உதவாது. ஈக்கோவில் எஞ்சினும் ஐந்து கியர் பாக்ஸும் நீளவாக்கில் வருகின்றன. 2010 முதல் 2022 வரை வந்த 1196 சிசி எஞ்சினுக்கு 73 குதிரைசக்தி. பத்மினியின் 1089 சிசி எஞ்சினுக்கு இது பெரிய ஏற்றம்தான். ஆனால் இந்த வேலையில் கையைக் கடிப்பது எஞ்சின் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் சங்கதிகள். ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) விஷயம் அடுத்த பதிலில் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அதையும் படித்துவிடுங்கள்.

எஞ்சினைத் தனியாக வாங்காதீர்கள். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் எஞ்சின் கிடைக்கும், ஆனால் ஒயரிங்கைக் கத்தரியால் வெட்டித்தான் இறக்கியிருப்பார்கள். வெட்டிய ஒயரிங்கைச் சேர்த்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பின்னால் இடிபட்ட முழு வண்டி ஒன்று கிடைத்தால் அதுதான் லாபம். எஞ்சின், கியர்பாக்ஸ், வெட்டாத எஞ்சின் ஒயரிங், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு., அதோடு கோடு பொருந்திய சாவியும் இம்மொபிலைசரும் (வேறு சாவிக்கு எஞ்சினைப் பிடிக்கவிடாத திருட்டுத் தடுப்பு), டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர், ஃபேன், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். ஈ.சி.யு. ஒரு வண்டியுடையது, சாவி வேறு வண்டியுடையது என்றால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. எஞ்சின் நம்பர் போட்ட பில்லையும், அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான காகிதத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

வைக்கும்போது எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கை முதலில் வெல்ட் செய்யக்கூடாது. உள்பாகம் கழற்றிய காலி பிளாக்கையும் கியர்பாக்ஸ் கூட்டையும் உள்ளே தொங்கவிட்டுப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, முன் சஸ்பென்ஷனை முழுதாக அமுக்கிய நிலையிலும் சம்புக்கும் (எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஸ்டியரிங் ராடுக்கும் 25 மி.மீ. இடைவெளி வேண்டும். ஓடும்போது எஞ்சின் ரப்பர்மேல் ஆடும் என்பதை மறந்துவிட்டு ஒட்டி வைத்தால், முதல் பள்ளத்திலேயே சம்ப் உடையும். ஈக்கோவில் எஞ்சின் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில்தான் இங்கேயும் இருக்கவேண்டும். பானெட்டுக்கு இடம் பிடிக்க நிமிர்த்தினால் சம்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். ஏற்றத்தில் வளைவு திரும்பும்போது ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சி பேரிங் போய்விடும்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நீளத்தை வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது அளக்கவேண்டும். ஜாக்கியில் தூக்கி அளந்தால் தப்பாகிவிடும். ஸ்லிப் ஜாயிண்ட் இரு பக்கமும் நகர 20 முதல் 25 மி.மீ. விடுங்கள். இரண்டு யுனிவர்சல் ஜாயிண்டிலும் கோணம் ஒன்று முதல் மூன்று டிகிரிக்குள், ஒன்றுக்கொன்று சமமாக, எதிரெதிராக இருக்கவேண்டும். ஒன்றில் 2, இன்னொன்றில் 5 என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் தரைப்பலகை அதிரும். பட்டறையில் அதை ‘பேலன்ஸ் இல்லை’ என்று சொல்லி ஷாஃப்டைத் திரும்பத் திரும்ப லேத்துக்கு அனுப்புவார்கள். கோணம் சரியில்லாமல் எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் பிரயோஜனமில்லை.

பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரௌன் பினியன் பல்சக்கரங்களின் விகிதத்தையும் அளந்துகொள்ளுங்கள். பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு சுற்று வரும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினால் போதும். உதாரணத்துக்கு விகிதம் 4.5, டயர் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நேர் கியரில் (எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியர்) எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது வேகம் மணிக்கு 80 கி.மீ. வரும். மேல் கியரின் விகிதம் 0.8 என்றால் அதே 3000 சுற்றில் 100 கி.மீ. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு பின் ஆக்ஸிலை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். பல பேருக்கு மாற்றவேண்டிய தேவையே இருக்காது.

பெட்ரோல் லைன் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கார்புரேட்டருக்குப் பழைய டயாஃபிரம் பம்ப் 0.2, 0.3 பார் அழுத்தம் கொடுத்தால் போதும். இந்த எஞ்சினுக்குச் சுமார் 3 பார் வேண்டும். பழைய ரப்பர் குழாய் அந்த அழுத்தத்தில் பிளந்து, சூடான எக்ஸாஸ்ட்மேல் பெட்ரோல் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷனுக்கான குழாயும், அதற்கான கிளிப்பும்தான் போடவேண்டும். பத்மினியின் டேங்க்கில் துரு இருந்தால் கழற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருக்கும். பம்ப் உறிஞ்சும் இடத்தைச் சுற்றித் தடுப்புத் தகடு வைக்காவிட்டால், கால் டேங்க் பெட்ரோலோடு கொண்டைஊசி வளைவில் திரும்பும்போது எஞ்சின் இருமும்.

ரேடியேட்டர் தலைப்பகுதி எஞ்சின் ஹெட்டைவிடத் தாழ்வாக அமைந்துவிட்டால் காற்று அடைபட்டு நிற்கும். எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் ஒரு எக்ஸ்பான்ஷன் பாட்டில் வையுங்கள். ஃபேனைச் சுற்றி கௌல் (காற்றைக் கூட்டி அனுப்பும் கூடு) கட்டாயம். பிறகு பிரேக். பத்மினிக்கு நான்கும் டிரம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தின்னவேண்டிய சக்தி நான்கு மடங்கு. முன்னால் டிஸ்க், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், வேக்குவம் பூஸ்டர் மூன்றும் போட்டுவிட்டுத்தான் நெல்லியாம்பதி பக்கம் போகவேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் பரீட்சை.

கேள்வி: அப்பா காலத்து 1972 அம்பாசடர், கேரள பதிவு. 1489 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு கான்டெஸாவில் வந்த இசுசு 1800 எஞ்சின் போட ஆசை. மாநில எல்லையான வாளையாரைத் தாண்டி கோயம்புத்தூர் போய் வர முடியுமா, பிடிப்பார்களா?
– சித்தூர் (பாலக்காடு) வாசகர்

பதில்: இயந்திர அளவில் இது பழகிய பாதை. இசுசு 1800 எஞ்சினை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் அம்பாசடரில் போட்டு விற்றது. அந்த மாடலின் மவுண்டிங், கியர்பாக்ஸ், ஷாஃப்ட் கிடைத்தால் லேத் வேலை பாதியாகக் குறையும்.

சிக்கல் சட்டத்தில். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. எஞ்சின் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யில் பதியவேண்டும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து விலகக்கூடாது என்றே சொன்னது. 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சோதனைச்சாவடியில் தப்பிவிடலாம், ஆனால் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கையை விரிக்க நல்ல காரணம் கிடைத்துவிடும். ஆகவே எழுத்துமூலமாக அனுமதி கேட்டு, பதில் வந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். சிசி மாறும் எஞ்சினுக்கு அனுமதி சுலபத்தில் கிடைக்காது.

இன்னொன்று, உங்கள் வண்டி 50 வயதைத் தாண்டிவிட்டது. 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு அது தகுதி பெறும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றில் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. இசுசு ஏறினால் அந்த வாசல் அடைந்துவிடும். விண்டேஜ் பதிவான வண்டியைத் தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பதும் உண்மை. எங்களைக் கேட்டால் பழைய எஞ்சினையே முழுதாகக் கட்டுங்கள் என்போம். ஹெட்டில் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போடவேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுபோனதிலிருந்து பழைய இரும்பு சீட் மெல்ல அமுங்கி, வால்வை அமுக்கும் டேப்பட்டின் இடைவெளி குறைந்துகொண்டே வரும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும் குழாய், டயாஃபிரம், எலெக்ட்ரானிக் இக்னிஷன், ரேடியேட்டருக்குப் புதுக் கோர் இவையும் போட்டால் கோயம்புத்தூர் என்ன, பழனிக்கே போய் வரலாம்.

கேள்வி: பழைய காரில் ஜிப்ஸியின் எம்.பி.எஃப்.ஐ. (ஈ.சி.யு. நடத்தும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்) எஞ்சின் வைத்து ஓட்டுகிறேன். ஐடிலிங் ஏறி இறங்குகிறது, சிக்னலில் நிற்கும்போது அணைந்துவிடுகிறது. ஈ.சி.யு. போய்விட்டது என்கிறார்கள்.
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஈ.சி.யு.வைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் எர்த். எஞ்சின் பிளாக்கிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கும் 25 சதுர மி.மீ. கேபிள், பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கியிருக்கவேண்டும். ஹெட்லைட் போட்டதும் ஐடிலிங் மாறினால் எர்த் காரணமாக இருக்கலாம். அடுத்து மேனிஃபோல்டில் திறந்து கிடக்கும் வேக்குவம் குழாய். பிறகு எக்ஸாஸ்ட். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு வெல்டிங் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும், பெட்ரோல் போதவில்லை என்று ஈ.சி.யு. தப்பாக நினைத்து இன்னும் ஊற்றும். சென்சார் குழாயின் மேல்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அடிப்பக்கம் வைத்தால் ஈரம் தங்கிச் சென்சாரில் விரிசல் விழும். இத்தனையும் சரி என்றால் கியர்பாக்ஸில் வேக சென்சார் இணைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கேபிள் ஸ்பீடாமீட்டருக்காக அதைக் கழற்றிவிட்டிருந்தால், வண்டி உருண்டு நிற்கப்போவது ஈ.சி.யு.வுக்குத் தெரியாமல் போய் சிக்னலில் எஞ்சின் அணையும்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ஈ.சி.யு. எஞ்சின் வைக்கும்முன் ஒயரிங்கில் எதைப் பார்க்கவேண்டும்?
– கம்பம் வாசகர்

பதில்: பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அப்படியே ஈ.சி.யு.வை இணைத்தால் சாவி திருப்பிய நொடியில் கருகிவிடும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டு, ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். பழைய ஒயரிங் லைட்டுக்கும் ஹாரனுக்கும் இருக்கட்டும். எஞ்சினுக்குத் தனி ஃபியூஸ் பெட்டி, பெட்ரோல் பம்புக்குத் தனி ரிலே.